பயணியின் மடியிலிருந்த சீட்டு

தமிழிலுள்ள கிறிஸ்தவ இலக்கியத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவகையினர். ஒரு சாரார் அதன் யாப்பையும் அணியையும் எடுத்துக்காட்டி, 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பட்டஞ் சூட்டி, வணங்கிவிட்டுப் போகின்றவர். மறு சாரார் நம்மவர். சமயம் என்ற சொல்லைக் கண்டதும் 'அபின்' என்ற ஒற்றை வார்த்தையை வீசிவிட்டு, நூலைத் திறவாமலே தீர்ப்புரைக்கின்றவர். இவ்விரு சாராரும் செய்யாது விட்ட பணியொன்றுண்டு. அவ்விலக்கியத்தின் நடுநாயகமாக நிற்கும் கோட்பாட்டை, அது பிறந்த மண்ணிலும் வந்து சேர்ந்த மண்ணிலும் வைத்து ஆராய்வதே அது.

கோட்பாடு இதுதான். மனிதன் தன் நற்செய்கைகளின் பலத்தால் மீட்படைவதில்லை. விசுவாசம் ஒன்றினாலேயே மீட்படைகிறான். அங்ஙனம் மீட்கப்பட்டவன் தான் மீட்கப்பட்டதை இம்மையிலேயே ஐயமற அறியவும் கூடும். முன்னதை 'விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல்' என்றும் பின்னதை 'இரட்சிப்பின் நிச்சயம்' என்றும் புரட்டஸ்தாந்துத் தமிழ் வழங்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில், லயத்து அறையொன்றிலே மாலையில் கூடும் ஜெபக்கூட்டத்தில், 'இன்றிரவு இறந்தால் நீ எங்கே போவாய்?' என்று கேட்கப்படும் கேள்வி இக்கோட்பாட்டின் பிழிவேயாகும். மழை விடாவிட்டால் நாளைக்குப் பால் வெட்டு உண்டா, பேர் விழுமா என்று அறியாத ஒருவனிடம் கேட்கப்படும் கேள்வி அது. 'ஆண்டவரிடம் போவேன்' என்று அவன் தயங்காமல் விடை கூறுகிறான். அவனுடைய வாழ்க்கையில் தயங்காமல் விடை கூறத்தக்க கேள்வி வேறு எத்தனை உண்டு? அதனாலேயே இக்கோட்பாட்டை ஒரு வார்த்தையால் தள்ளிவிட முடியாது என்கிறேன்.

தோற்றத்தை நோக்குவோம். 1517 இல் மார்ட்டின் லூதர் போர்க்கொடி உயர்த்தியது ஒரு சீட்டுக்கு எதிராகவே என்பதை நம்மவர் மறந்துவிடலாகாது. திருச்சபை பாவத் தண்டனை நீக்கும் சீட்டுகளை விலைக்கு விற்றது. பணமுள்ளவன் வாங்கினான், இல்லாதவன் அஞ்சினான். பரலோகத்துக்கு விலை குறிக்கப்பட்டிருந்த ஒரு காலத்தில், அது விற்பனைப் பண்டமன்று, கொடையாகக் கிடைப்பது என்று ஒருவர் உரைத்தாராயின், அது ஏழையின் சார்பில் உரைக்கப்பட்ட கூற்றேயாம். 1522 இல் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது, உரோமருக்கு எழுதிய நிருபத்திலே மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்து, பின்னர் 1530 இல் அச்செயலுக்கு நியாயமும் எழுதினார் அவர். செயலை வற்புறுத்தும் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஆயின், 1525 இல் ஜெர்மானியக் குடியானவர் தங்கள் பண்ணைத் தளைகளும் நீங்கவேண்டுமென்று எழுந்தபோது, அதே லூதர் பிரபுக்களின் வாளை வாழ்த்தினார். உள்ளத்தின் விடுதலை வேறு, வயலின் விடுதலை வேறு என்று அவர் எழுப்பிய சுவர் இன்றும் இடிந்தபாடில்லை.

இக்கோட்பாட்டைக் கதையாக்கி உலகெங்கும் நடக்கவிட்டவர் ஜோன் பன்யன் (1628–1688). பழைய பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலையே செய்தவர். அரசு அங்கீகரியாத கூட்டங்களில் பிரசங்கித்தார் என்ற குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். 'இனிப் பிரசங்கியேன்' என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் மனைவியிடமும், கண்பார்வையற்ற மகள் உட்படத் தம் பிள்ளைகளிடமும் திரும்பியிருக்கலாம். கொடுக்கவில்லை. 1678 இல் வெளிவந்த 'மோட்சப் பிரயாணம்' அந்தச் சிறையிலே கருக்கொண்ட நூல்.

கதையின் பயணி கந்தையுடுத்து, முதுகிலே பெருஞ்சுமையுடன் புறப்படுகிறான். சிலுவையின் முன் வந்து நிற்கிறான். சுமை தானே அவிழ்ந்து உருண்டு போகின்றது. அவன் எதுவும் செய்யவில்லை; நோக்கினான், அவ்வளவே. 'விசுவாசம் மட்டும்' என்ற வாதத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த இறையியல் ஏடும் விளக்கியதில்லை. அங்கே ஒளிபொருந்திய மூவருள் ஒருவர் முத்திரையிட்ட ஒரு சுருளை அவன் கையிற் கொடுக்கிறார்; வழியில் வாசித்துத் தேறுதலடையவும், முடிவில் வானகரத்தின் வாயிலில் ஒப்படைக்கவும். அந்தச் சுருளே நிச்சயம். பின்னர், மலையேற்றத்தின் நடுவே நிழற்பந்தலொன்றில் அயர்ந்து உறங்கும்போது அது கையிலிருந்து நழுவி விடுகிறது. சிகரத்தை அடைந்தபின் மடியைத் தடவிப் பார்த்து, இல்லையென்றறிந்து, அழுதுகொண்டே வந்தவழியே அவன் திரும்பி நடக்கும் இடம் உலக இலக்கியத்தில் எனக்கு மிக உவப்பான இடங்களுள் ஒன்று. தம்முடைய நிச்சயமின்மையின் வேதனையை 1666 இல் வெளியிட்ட ஆன்ம சரிதத்திலே பக்கம் பக்கமாக எழுதியவர் பன்யன். ஆதலால் அந்த நடையின் களைப்பு அவருக்குத் தெரியும்.

இங்கு ஒன்றைக் குறித்துக் கொள்ளவேண்டும். அந்தச் சுருளை வழங்கியவன் அரசனின் அதிகாரியல்லன், நீதவானல்லன், பேராயரல்லர். நாட்டின் அதிகாரிகள் எவரும் வழங்காத, எவரும் பறிக்கவியலாத ஓர் அங்கீகாரம் தொழிலாளி ஒருவனின் மடியில் இருந்தது. அந்நூல் ஆளும் வர்க்கத்தை உறுத்தியதன் காரணம் இதுவே. பெயினின் 'மனிதனின் உரிமைகள்' என்ற நூலோடு பன்யனின் நூலையும் சேர்த்து, ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் இரு மூலநூல்களாக ஈ. பி. தொம்சன் 1963 இல் எடுத்துரைத்தமை வீணன்று. நிச்சயத்தின் தேட்டம் இன்னொரு திசையிலும் சென்றதுண்டு. தான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று ஏங்கிய விசுவாசி, ஓயா உழைப்பிலும் அதன் ஆக்கத்திலும் அதற்கு அடையாளம் தேடினான். முதலாளித்துவ மனப்பாங்குக்கு அத்தேட்டம் உரமாயிற்று என்று மக்ஸ் வெபர் 1904–05 இல் எழுதினார். நம் தோட்டத்துத் துரைமார் வெபரை வாசித்திருக்கமாட்டார்கள். இலாபக் கணக்கே அவர்களுக்குப் போதிய நிச்சயமாயிருந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவரும் 1715 இல் தமிழிலே புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவருமான சீகன்பால்கு லூத்தர் வழியினர். ஆகவே இக்கோட்பாடு தமிழுக்குப் பழையது. ஆனால், ஒரு கோட்பாடு மொழிமாறும்போது சொற்கள் அதனைத் தம் வழியே இழுத்துச் செல்வதுண்டு. 'விசுவாசம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் செவிக்கு அது நம்பிக்கையை மட்டும் சுட்டுவதன்று. நாய்க்குரிய குணமாகவும் ஊழியனுக்குரிய குணமாகவும் போற்றப்படுவது. 'எசமான விசுவாசம்' என்கிறோம். தோட்டத்திலே விசுவாசமான ஆள் என்பவன் யார்? துரைக்கும் கங்காணிக்கும் எதிரே வாய் திறவாதவன். 'கிரியை' என்ற சொல்லின் கதி வேறுவிதமானது. விசுவாசத்துக்கு எதிர்நிலையில் வைக்கப்படும் செய்கைகளை அச்சொல்லாற் குறித்தனர். சைவத்தில் ஊறிய செவியிலோ அது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையில் வரும் பூசைச் சடங்கு. ஈழத்திலே இறந்தவருக்கு ஆற்றும் கடனும் கூட. ஆகவே 'கிரியையினால் மீட்பில்லை' என்ற போதனை, கோயிற் சடங்கு பயனற்றது என்ற அளவிலே விளங்கிக்கொள்ளப்பட்டது. கூலியில் நேர்மை, அயலானுக்கு நீதி என்ற செய்கைகளின் நிலை என்ன என்ற வினா தமிழில் கூர்மையடையாமலே போயிற்று.

மூன்றாவது சொல் 'மீட்பு'. இதனைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். அடகு வைத்த நகையை மீட்கிறோம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் பழைய தமிழ்ப் பெயர்ப்பிலும், மன்னிக்கப்பட வேண்டியது 'கடன்' என்றே நிற்கிறது. கடனிலே பிறந்து கடனிலே மாண்ட ஒரு கூட்டத்துக்கு இச்சொற்கள் உருவகமாகவா ஒலித்திருக்கும்?

தமிழிலே இக்கோட்பாட்டுக்குக் காவிய உருக்கொடுத்தவர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை. 1827 இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, 1858 இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1900 இல் மறைந்தார். பன்யனின் முதற்பாகத்தைத் தழுவிய 'இரட்சணிய யாத்திரிகம்', பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' இதழிலே பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894 இல் நூலாயிற்று. ஐந்து பருவங்கள், 3,776 பாடல்கள். கம்பனைக் கரைத்துக் குடித்த ஒருவரின் விருத்தங்கள் அவை என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலே இடம்பெறும் பகுதி கிறிஸ்து பாடுபட்ட வரலாற்றைக் கூறுவது. அது குமார பருவத்தைச் சேர்ந்தது. பன்யனிடத்தில் சிலுவை ஒரு சிறு காட்சி; அங்கே அறையப்பட்டவரின் கதை விரிக்கப்படவில்லை. கிருஷ்ணபிள்ளை அக்கதையைக் காவியத்தினுள்ளே கொண்டுவந்து விரிக்கிறார். இது வெறும் காவிய ஆசையன்று, கோட்பாட்டின் தேவை. மீட்பு முழுவதும் பாடுபட்டவரின் செயலாயின், காவியத்தின் பாரமும் நடப்பவன்மீதன்றி அவர்மீதே சாயவேண்டும். சரணாகதியை அறிந்த வைணவப் பயிற்சி இவ்விடத்தில் அவருக்குக் கைகொடுத்திருக்கும். தாய்ப்பூனை தானே குட்டியைக் கவ்விச் செல்லும் என்ற தென்கலை நியாயத்துக்கும் லூதரின் வாதத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரிதன்று.

எனினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. பன்யனின் பயணி பேசுவது சந்தை மொழி. பாத்திரம் ஒட்டுபவனுக்கும் பால் கறப்பவளுக்கும் விளங்கும் மொழி. கிருஷ்ணபிள்ளையின் பயணி பேசுவது புலவர் மொழி. கந்தையோடு புறப்பட்டவன் பட்டாடையுடுத்த காவியத் தலைவனாகிவிட்டான். மீட்கப்பட வேண்டியவனால் வாசிக்க முடியாத மீட்புக் காவியம் அது.

இக்குற்றச்சாட்டைக் கவிஞர்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அவர் அதனைத் தொடராக வெளியிட்ட காலத்திலே அவருடைய சீமையில் நடந்ததென்ன? 1876–78 ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தமிழகக் கிராமங்களை உலுக்கியிருந்தது. அதற்கு முன்னரும் பின்னரும் திருநெல்வேலியிலிருந்தும், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கங்காணியின் பின்னே கண்டிச் சீமைக்குப் புறப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். காவியத்தில் ஓர் ஆரணிய பருவம் உண்டு. அதே தலைமுறையின் மக்கள் நடந்த ஆரணியத்தைப் பாடப் புலவரெவரும் முன்வரவில்லை. அவ்வழியை நாட்டுப்பாடல்களே நினைவில் வைத்திருந்தன.

இவ்விரு யாத்திரைகளும் ஓரிடத்தில் சந்தித்தன. 1854 இல் இலங்கையில் 'தமிழ்க் கூலி மிஷன்' நிறுவப்பட்டது. பெயரே அதன் கதையைச் சொல்லும். கோப்பித் தோட்டத் துரைமாரின் ஊக்கத்தாலும் பணத்தாலும் தொடங்கிய அப்பணிக்குத் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசியார்கள் வந்தனர். அவர்கள் பெரும்பாலும் எளிய மனிதர். மலைப்பாதைகளில் கால்நடையாய்ச் சென்று, எழுத்தறியாதாருக்கு எழுத்தும் கற்பித்தவர்கள். அவர்களது உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் பன்யன் எதற்காகச் சிறையிருந்தாரோ அந்தப் பிரசங்கத்தை, இங்கே உபதேசியார் துரையின் அனுமதியோடு, துரையின் எல்லைக்குள் நின்று செய்தார். அதிகாரத்துக்கு எதிராக மடியில் இருந்த சுருள், அதிகாரத்தின் கைவழியே வந்து சேர்ந்தது. சுருளின் வாசகம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

தோட்டத்திலே வேறொரு சீட்டும் இருந்தது. அதன் பெயர் 'துண்டு'. தொழிலாளர் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் கடிதம் அது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறொரு தோட்டத்துக்குப் போவார். அத்தோட்டத்தார் கடனைச் செலுத்தி ஆட்களை 'மீட்பர்'. மீட்கப்பட்டவன் விடுதலையடைந்தானா? இல்லை, கடன் அவனோடு கூடவே சென்று புதிய எசமானின் ஏட்டில் ஏறியது. 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை நீடித்தது. இந்த ஏற்பாட்டின் கீழ் வாழ்ந்தவர்களிடம், 'உன் கடனை இன்னொருவர் செலுத்திவிட்டார்; நீ இனி அவருடையவன்' என்று உபதேசியார் கூறியபோது அவர்கள் எதைக் கேட்டிருப்பர்? கடன் இரத்தாயிற்று என்பதையா, எசமான் மாறினார் என்பதையா? கோட்பாட்டின் ஆற்றலும் பலவீனமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும். புரட்டஸ்தாந்துப் பாடல்களிலும் பிரசங்கங்களிலும் இரண்டாவது தொனியே மேலோங்கியது என்பது என் கணிப்பு. அடிமை, எசமான், ஊழியம் என்ற சொற்கள் அங்கே கூச்சமின்றி நிறைந்திருக்கின்றன.

இனி, பன்யனின் நூலிலே எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன். 'அறியாமை' என்றொரு பாத்திரம். அவன் குறுக்குப் பாதையால் வந்து சேர்ந்தவன். தான் ஒழுங்காக வாழ்ந்ததாகவும், எவருக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்த்ததாகவும், ஜெபித்ததாகவும், ஏழைக்கு ஈந்ததாகவும் கூறுகிறான். கதையின் முடிவில் வானகரத்தின் வாயிலுக்கு அவனும் வருகிறான். 'சீட்டு எங்கே?' என்று கேட்கப்படுகிறது. மடியைத் தடவுகிறான், இல்லை. அரசர் அவனை இறங்கிவந்து பார்க்கவும் இல்லை. கையும் காலும் கட்டப்பட்டு, மலைச்சரிவிலுள்ள கதவு வழியே நரகத்துள் தள்ளப்படுகிறான். நகரத்தின் வாயிலிலிருந்தே நரகத்துக்கு ஒரு வழி உண்டென்று கண்டதும் ஆசிரியரின் கனவு கலைகிறது.

இறையியலாளர் இதற்குத் தரும் விளக்கத்தை நான் அறிவேன். அவன் தன் செய்கைகளை நம்பினான், கிருபையை நம்பவில்லை, ஆகவே தள்ளுண்டான். ஆனால் அவர்களுடைய தர்க்கத்தாலேயே ஒன்று கேட்கலாம். தகுதி எதுவும் வேண்டா, எல்லாம் கொடை என்றால், வாயிலில் சீட்டைக் கேட்பானேன்? விசுவாசம் என்பது காட்டி நுழையும் பத்திரமாகிவிட்டால் அதுவும் ஒரு செய்கையே, ஒரு தகுதியே. லூதர் எதிர்த்த சீட்டு வேறு பெயரில் திரும்பி வந்து விட்டதல்லவா?

இக்காட்சியை பெட்ஃபோர்டில் வாசிப்பது ஒன்று. சபரகமுவாவில் வாசிப்பது வேறொன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1949 இன் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வதிந்தமைக்கு ஆதாரம் காட்டினால் பதிவு தருவதாகக் கூறியது. லயத்தில் பிறந்தவனிடம் ஏது ஆதாரம்? ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இந்நாட்டின் கடனையெல்லாம் தேயிலையாலும் இறப்பராலும் தீர்த்தவர்கள், எவருக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தவர்கள், மடியைத் தடவிப் பார்த்துச் சீட்டில்லாமல் நின்றனர். பின்னர் 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். மனிதர் பிறக்குமுன்பே தெரிந்துகொள்ளப்படுகின்றனர் என்று போதித்த கல்வின் கூட இவ்வளவு துல்லியமாகத் தொகை கூறியதில்லை. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கதி 1974 வரை தீர்மானிக்கப்படவில்லை. நாடற்றோர் அனைவரும் குடியுரிமை பெற வழி செய்த சட்டம் 2003 இலேயே வந்தது. நடுவே, 1981 இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலே லயங்கள் எரிந்தபோது, சீட்டுள்ளவன் யார், சீட்டற்றவன் யார் என்று எவரும் கேட்கவில்லை.

தமிழ் இந்த அனுபவத்துக்கு ஒரு சொல்லைத் தயாராகவே வைத்திருந்தது. 'வீடு' என்றால் வசிக்கும் இல்லம், மோட்சமும் வீடே. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். தோட்டத்து வாழ்வில் வீட்டுப் பிரச்சினையும் வீடுபேற்றுப் பிரச்சினையும் எவ்வளவு நெருங்கியவை என்பதை எந்தப் பிரசங்கமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அப்படியாயின் அந்த ஜெபக்கூட்டத்தில் 'ஆண்டவரிடம் போவேன்' என்று விடை கூறுபவன் ஏமாற்றப்பட்டவனா? அவ்வாறு கூற எனக்கு மனம் வரவில்லை. அவன் மடியில் ஒன்று இருக்கிறது. அதைக் கணக்கப்பிள்ளை எழுதவில்லை, கிராம சேவகர் உறுதிப்படுத்தவில்லை. குடியை விட்டவன், மனைவியை அடிப்பதை நிறுத்தியவன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியவன் அக்கூட்டத்தில் உண்டு, நானே அறிவேன். ஆனால் தொழிற்சங்கக் கூட்டத்துக்கு அழைத்தால், 'அது உலகக் காரியம்' என்று ஒதுங்கியவனும் அங்கேயே உண்டு. நிச்சயம் ஒருவனை நிமிரச் செய்வதும் உண்டு; ஒதுங்கச் செய்வதும் உண்டு. லூத்தரனாகவே வாழ்ந்த டீட்றிச் போன்ஹோஃபர் 1937 இல் 'மலிவான கிருபை' என்று எதைச் சாடினாரோ, அதுதான் இந்த ஒதுங்கல். விசுவாசம் மட்டும் என்ற கோட்பாட்டைக் கைவிடாமலே, ஹிட்லருக்கு எதிரான சதியிற் சேர்ந்து, 1945 ஏப்ரிலில் தூக்கிலே தொங்கினார் அவர். கோட்பாடு ஒருவனை முடக்கித்தான் தீரும் என்று அடித்துக் கூறும் நம் தோழர்கள் இவரை எங்கே வைப்பர்?

பன்யனுக்கும் தம் முடிவு உறுத்தியிருக்க வேண்டுமென்று நான் எண்ணுகிறேன். ஆறு ஆண்டுகள் கழித்து, 1684 இல், இரண்டாம் பாகத்தை எழுதினார். கிருஷ்ணபிள்ளை கைக்கொள்ளாத பாகம் அது. அங்கே தனிப்பயணி இல்லை. விட்டுப்போன மனைவியும் பிள்ளைகளும் அயல்வீட்டுப் பெண்ணும் நடக்கின்றனர். ஊன்றுகோல் பிடித்தவன், மனத்திடமற்றவன், சோர்ந்தவன், அவன் மகள் என்று வழிநெடுகச் சேர்ந்துகொள்கின்றனர். கூட்டம் எவருக்காகவும் நின்று நின்று போகிறது. அவர்களுக்கு வழித்துணைவன் ஒரு மனிதனின் கதையைச் சொல்கிறான். அம்மனிதனின் பெயர் 'அச்சம்'. வாழ்நாள் முழுவதும் அவனுக்கு நிச்சயம் என்பதே இருந்ததில்லை. தன்னை ஏற்பார்களோ மாட்டார்களோ என்று ஒவ்வொரு வாயிலிலும் நடுங்கி நின்றவன். அவன் கடைசி ஆற்றங்கரைக்கு வந்த அன்று, முன்னொரு போதும் இல்லாதவாறு நீர் வற்றியிருந்தது. பாதம் நனைந்ததும் நனையாததுமாக அவன் அக்கரை சேர்ந்தான்.